ரொம்ப நாள் கழிச்சு மினியேச்சருக்கு (கேம்ல வர்ற குட்டி பொம்மைகளுக்கு) பெயிண்ட் அடிக்கறவங்களோட கேள்விகள்

கேள்வி: பத்து வருஷம் கழிச்சு உட்கார்ந்தேன், அப்போ பண்ணத விட இப்போ கேவலமா வருது. கை போயிடுச்சா?

கை போகல, கண்ணு கூர்மையாயிடுச்சு. உங்க பழைய பீஸ் ஒண்ண நல்ல லைட்ல வச்சு பாருங்க, மூக்கு வாய் எல்லாம் மூடுற அளவுக்கு பெயிண்ட் அப்பியிருக்கும், அன்னைக்கு நமக்கு அது தெரியல, அவ்ளோதான். அதனால மொதல்ல சரி பண்ண வேண்டியது பெயிண்ட் கெட்டியா இருக்கறதைத்தான். டப்பாலேருந்து நேரா எடுத்து பூசாதீங்க. தண்ணி எவ்ளோன்னு அளவு சொல்ல முடியாது, பிராண்டுக்கு பிராண்ட் மாறும், ஏன் ஒரே பிராண்ட்லயே கலருக்கு கலர் மாறும். நான் கட்டைவிரல் நகத்துல ஒரு கோடு இழுத்து பாப்பேன், பரவி ஓடினா தண்ணி ஜாஸ்தி, பிரஷ் மயிர் தடம் அப்படியே நின்னா கம்மி. மொத கோட் திட்டு திட்டாதான் இருக்கும், பதறிப்போய் ஈரத்து மேலயே திரும்ப தேய்ச்சா பிஞ்சு வரும், காய விட்டு ரெண்டாவது கோட் குடுங்க. மஞ்சளும் வெள்ளையும் மூணு நாலு கோட் கேக்கும், அது உங்க தப்பு இல்ல.

கேள்வி: நுணுக்கமான வேலைக்கு 000 நம்பர் பிரஷ் (ரொம்ப ரொம்ப மெல்லிசானது) வாங்கலாமா?

வேண்டாம். அதுல பெயிண்ட் நிக்கவே நிக்காது, முகத்துக்கு கொண்டு போறதுக்குள்ள நுனியிலயே காஞ்சிடும். நல்ல கோலின்ஸ்கி சேபிள்ல (ஒரு மிருகத்தோட மயிர்ல செஞ்ச பிரஷ்) 1-ம் நம்பர் ஒண்ணு போதும், நுனி ஊசி மாதிரி கூடணும், முக்கியமானது அதுதான். மயிரை பிடிச்சிருக்கற உலோக வளையம் வரைக்கும் பெயிண்ட்டை ஏத்தாதீங்க. மெட்டாலிக் பெயிண்ட்டுக்கும், டிரைபிரஷ்ஷுக்கும் (பெயிண்ட்டை துடைச்சுட்டு காஞ்ச பிரஷ்ஷால மேட்டுல மட்டும் தேய்க்கறது) இந்த நல்ல பிரஷ்ஷை தொடவே தொடாதீங்க, அதுக்கு பழைய பிரஷ் இருக்கு.

கேள்வி: கண்ணு போட்டா எப்பவும் பேய் பாத்த மாதிரி முழிக்குது.

எல்லாருக்கும் முழிக்கும் 😀 கண்ணை கடைசியா போடறதுதான் பிரச்சனை, முகத்துக்கு கலர் குடுக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. கண்குழி முழுக்க டார்க் பிரவுன், அதுக்குள்ள ஓரத்துல பிரவுன் மெல்லிசா தெரியற மாதிரி வெள்ளை, சுத்த வெள்ளை இல்ல, கொஞ்சம் சாம்பல் கலந்தது. அப்புறம் கருவிழிக்கு புள்ளி வைக்காதீங்க, மேல் இமையிலேருந்து கீழ் இமை வரைக்கும் நேரா ஒரு கோடு இழுங்க. புள்ளியை சுத்தி நாலு பக்கமும் வெள்ளை தெரியறதாலதான் அந்த முழி. கோடு வழிஞ்சா வழியட்டும், அப்புறம் ஸ்கின் கலரால இமையை வரையறப்போ தானா சரியாயிடும். ரெண்டு முழங்கையும் டேபிள் மேல, ரெண்டு மணிக்கட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கணும், பாதி நடுக்கம் அங்கயே நின்னுடும்.

கேள்வி: இப்போ காண்ட்ராஸ்ட் பெயிண்ட்னு சொல்றாங்களே, அது சீட்டிங் இல்லையா?

2019-ல கேம்ஸ் வொர்க்‌ஷாப்ங்கற மினியேச்சர் கம்பெனி விட்டது, நீங்க விட்டுட்டு போனப்போ இருந்திருக்காது. வெளிர் பிரைமர் (மொத அடிப்பூச்சு) மேல போட்டா மேட்டுல மெல்லிசா நிக்கும், பள்ளத்துல தேங்கி நிழலாயிடும். துணி மடிப்பு, ரோமத்துக்கெல்லாம் அருமை. தட்டையான கவசத்துல கறை மாதிரி திட்டு விழும், அங்க பழைய முறைதான். சீட்டிங்கெல்லாம் இல்லைங்க.

கேள்வி: பழைய பெயிண்ட்டை எடுத்துட்டு புதுசா அடிக்க?

பிளாஸ்டிக்னா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல ஊறப்போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. கையுறை போட்டுக்கோங்க, ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்துல நெருப்பு ஆகவே ஆகாது. அசிட்டோன் பக்கமே போகாதீங்க, பிளாஸ்டிக் கரைஞ்சு கூழாயிடும். ரெசின்னா மொதல்ல ஓரத்துல ஒரு சின்ன துண்டுல சோதிச்சு பாருங்க. ஆனா ஒண்ணு, மொத பீஸையாவது அழிக்காம வச்சுக்கோங்க.

கேள்வி: வார்னிஷ் ஸ்ப்ரே எப்போ அடிக்கறது?

நல்லா காஞ்ச மறுநாள், 20-30 செ.மீ. தள்ளி, மெல்லிசா ரெண்டு வாட்டி. காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கற நாள்ல கேனை தொடாதீங்க. ஒரு மழை நாள்ல அவசரப்பட்டு ஒரு முழு குரூப்புக்கும் அடிச்சேன், காலைல பாத்தா எல்லாம் மாவு தூவின மாதிரி நின்னுச்சு.