மூன்று வயது மகளுக்குச் சைகை மொழியா, பேச்சா?

அக்கா, மகளுக்கு மூன்று வயது, இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு, சைகை பழகினால் பேச்சே வராது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். சைகை பேச்சைத் தடுக்காது. ஐந்து வயதுக்குள் எந்த மொழியுமே பிள்ளைக்கு முழுசாகக் கிடைக்காமல் போவதுதான் ஆபத்து. 1880இல் இத்தாலியின் மிலானில் நடந்த, காது கேளாதோர் கல்விக்கான மாநாடு சைகையைப் பள்ளிகளிலிருந்து விலக்கச் சொன்னது. அதை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே துறை மாநாடு வரை ஆனது. இடையில் எத்தனை பிள்ளைகள் மொழியில்லாமல் வளர்ந்தார்கள், நினைத்தாலே மனசு கனக்கிறது.

சரி, பள்ளிக்கூடம். கேட்கும் கருவி போட்டபடி, உங்கள் முகம் பார்க்காமல், பெயர் சொன்னால் திரும்புகிறாளா? சொற்களைப் பிரித்து அறிகிறாளா? ஆமென்றால் பேச்சுப் பயிற்சியைத் தாராளமாகத் தொடருங்கள், சைகையோடு. இல்லையென்றால் பேச்சு மட்டுமே உள்ள வகுப்பு அவளுக்கு வெறும் உதடு பார்ப்பதுதான். கண்ணாடி முன் சத்தமில்லாமல் ‘படம்’, ‘மடம்’ சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

மலையகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. போகும் பள்ளியில் எழுத்து தமிழா, சிங்களமா என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் அவள் படித்தால் அவள் படிப்புக்கு நீங்கள் வெளியே நிற்க வேண்டிவரும். காது கேளாத பிள்ளைகளும் படிக்கும் யாழ்ப்பாணம் கைதடி நவீல்ட் பாடசாலை தமிழில் நடப்பது, ஆனால் தூரம். இந்த வயதில் அவளைப் பிரிந்து விடுதியில் விடச் சொல்ல எனக்கு மனமில்லை.

பள்ளி அமையும்வரை நீங்களும் அண்ணனும் பழகும் சைகைகளை பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) ஆயாம்மாவுக்கும் காட்டிக் கொடுங்கள். பகல் முழுக்க மகள் அங்கேதானே இருக்கிறாள்.