கப்பலுக்கு முன் மும்பை, அதற்கும் முன் அடகு ரசீது

கேள்வி: தக்கலை பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 61,000. கணவர் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறார். மழை மாதங்களிலும் இலை உதிரும் மாதங்களிலும் அவருக்கு வரவு குறைவு. இந்த டிசம்பரில் எங்களுக்குத் திருமணமாகி 25 வருடம். மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்பும் மூன்று இரவுக் கப்பலில் போக ஆசை. ஏறுவதற்கு முன் மும்பையையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். சென்னையைத் தாண்டி நாங்கள் எங்கும் போனதில்லை. விஷயம் தெரிந்ததும் நாத்தனாரும் அவர் கணவரும் "நாங்களும் வாறோம், இப்போ நீங்க போட்டுடுங்க, அப்புறம் தந்துடுறோம்" என்கிறார்கள். நாலு பேருக்கும் விமானம், ஓட்டல், கப்பல் எல்லாம் சேர்த்து ஏஜென்ட் 2,40,000 சொல்கிறார். வெறும் 12 சதவீத வட்டி, 12 மாதத் தவணை, மாதம் 22,400. அது வேண்டாமென்றால் கையிலிருக்கும் 5 பவுன் வளையலை வங்கியில் வைக்கலாமா? ஏற்கெனவே 11 பவுன் நாலு லட்சத்துக்கு இருக்கிறது, வட்டி ஒன்பதரை. செப்டம்பரில் ஒரு லட்ச ரூபாய் சீட்டு முடிகிறது. எந்த வழி நல்லது? மும்பைக்கு ஒரு நாள் போதுமா, இரண்டு நாள் வேண்டுமா? ரசீதுகளின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: டீச்சர், நீங்கள் கேட்டது கப்பலைப் பற்றி. எனக்குக் கண்ணில் பட்டது அந்த ரசீதுகள்தான். ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நகை விவரம் ஐந்திலும் ஒன்றே: வளையல் நாலு, ஆரம் ஒன்று, கம்மல் ஒரு ஜோடி, நிகர எடை 88 கிராம். மாறியது கடன் தொகை மட்டும். 2019 பிப்ரவரியில் 1,80,000. 2021-ல் 2,40,000. 2022-ல் மூன்று லட்சம். 2024-ல் மூன்றரை. இந்த பிப்ரவரியில் நாலு லட்சம்.

2019-ல் மகளின் படிப்புக்கு வைத்தீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது பவுன் 25,000 ரூபாயைச் சுற்றி இருந்தது, இன்று அதைப்போல் நாலு மடங்குக்குக் குறையவில்லை. விலை ஏற ஏற, திருப்பி வைக்கும் நாளில் "இன்னும் கொஞ்சம் தரலாம்" என்று வங்கியில் சொல்வார்கள், நீங்களும் வாங்கி வந்திருக்கிறீர்கள். தங்கத்தின் விலை ஏறியது உங்களுக்கு வருமானம் வந்தது மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கூடியது உங்கள் கடன்தான். அசலில் ஒரு ரூபாய்கூட இதுவரை அடையவில்லை.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டேன். 9 சதவீதம் என்று குறைத்து வைத்தாலே, ஏழு வருடத்தில் நீங்கள் கட்டிய வட்டி 1,70,000 வரும். நாலு பேருக்கு ஏஜென்ட் சொல்லும் கப்பல் கட்டணம் மட்டும் 1,52,000. 2022-ல் கூடிய 60,000 எதற்கு என்று ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: நாத்தனார் வீட்டுப் பால்காய்ப்பு, அதாவது புதுமனை புகுவிழா. அது திரும்பி வரவில்லை. அந்த அறுபதாயிரத்துக்கு மட்டும் நாலு வருடத்தில் 21,000 ரூபாய்க்கு மேல் வட்டி உங்கள் கையிலிருந்து போயிருக்கிறது.

அதனால் 5 பவுன் வளையலை வைக்க வேண்டாம். அது வீட்டில் இருக்கட்டும். 2026 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறையில் இருக்கிறது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. கவுண்டரில் இதை நல்ல செய்தியாகச் சொல்வார்கள். எனக்கு இது பயமாக இருக்கிறது. மதிப்பில் 85 சதவீதம் வாங்கியவருக்குத் தங்கம் கொஞ்சம் இறங்கினாலே நகையை மீட்பதில் லாபமில்லை என்ற நிலை வந்துவிடும், அடுத்தது ஏல நோட்டீஸ். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகைக் கடனுக்குத் தவணை 12 மாதம்தான். வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்கவும் முடியும்.

ஏஜென்டின் தவணையும் வேண்டாம். 22,400-ஐ 12 மாதம் கட்டினால் 2,68,800, அதாவது 28,800 கூடுதல். "வெறும் 12" என்று அவர் சொல்வது, முதல் மாதம் இருந்த கடன் கடைசி மாதம் வரை அப்படியே இருப்பதாக வைத்துப் போட்ட வட்டி. நீங்களோ மாதா மாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. நகைக்கடன் வட்டியைப்போல் இரண்டு மடங்கு. இதோடு விடுமுறை கிளப் உறுப்பினர் அட்டை என்று ஏதாவது நீட்டினால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். 25 வருடத்துக்குப் பிறகு முதல் பயணம் போகிறவருக்கு வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கேட்கும் அட்டை எதற்கு?

சீட்டுப் பணத்தையும் அடகுக் கடனில் போடுங்கள் என்றுதான் கணக்கு சொல்லும். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. போய்வாருங்கள் டீச்சர். இரண்டு பேர் மட்டும், சொந்தக் காசில்.

நாத்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர்தான் தன் உடன்பிறந்தவளிடம் பேச வேண்டும். "பணம் கட்டினால் சேர்த்து புக் பண்ணுகிறோம், முன்னால் போட எங்களிடம் இல்லை" என்றால் போதும். கப்பல் டிக்கெட்டைப் புறப்படும் நாள் நெருங்கி ரத்து செய்தால் பெரும்பகுதி திரும்பாது. அவர்கள் கடைசி வாரத்தில் வரவில்லை என்றால் அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும்.

இப்போது இரண்டு பேர் செலவு. ஏஜென்டின் பட்டியலில் ஜன்னல் உள்ள அறை ஆளுக்கு 38,000, ஜன்னல் இல்லாத உள் அறை 33,000. உள் அறையே எடுங்கள். கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறது, அறை தூங்கத்தான். வரி, துறைமுகக் கட்டணம், ஊழியர் சேவைக் கட்டணம் மூன்றும் அந்த 33,000-க்குள் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் சொல்லும் விலையில் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. ஆக கப்பல் 66,000. போக நாகர்கோவில் – மும்பை ரயிலில் மூன்றடுக்கு ஏசி, இரண்டு பேருக்கு 4,000 சுமார். திரும்ப விமானம் 16,000. மும்பையில் இரண்டு இரவு ஓட்டல் 9,000. ஊர் சுற்ற, சாப்பிட 6,000. கப்பலில் மேல் செலவு 6,000. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு கார், வழிச் சாப்பாடு 3,000. மொத்தம் 1,10,000. சீட்டில் ஒரு லட்சம் வருகிறது. மீதி பத்தாயிரத்தை ஜூலை முதல் செப்டம்பர் வரை சம்பளத்தில் ஒதுக்கிவிடலாம்.

டிசம்பர் விடுமுறை என்றதும் டிக்கெட் விலைக்குப் பயப்பட வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு மும்பையிலிருக்கும் நம்மூர்க்காரர்கள் எல்லாம் இங்கே வருவார்கள், புத்தாண்டு முடிந்து திரும்புவார்கள். நீங்கள் போவது எதிர்த்திசையில். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், அந்தக் காலை எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள்.

ரயில் ஒன்றரை நாள் ஓடும், தாமதமும் ஆகும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. அதனால் ஏறும் நாளன்று மும்பையில் இறங்கும் திட்டமே கூடாது. இறங்கும் மாலை, நடுவில் ஒரு முழு நாள், ஏறும் நாள் காலை. இது போதும். இரண்டு முழு நாள் என்றால் இன்னொரு இரவு ஓட்டலும் சாப்பாடும் சேர்ந்து ஏழாயிரம் கூடும்.

ஓட்டலை சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் அல்லது கோட்டைப் பகுதியில் எடுங்கள். ரயில் அங்கேயே நிற்கும், கப்பல் ஏறும் பல்லார்ட் பியர் பக்கத்திலேயே. பெட்டியோடு டாக்சியில் பத்து நிமிடம். புறநகரில் பாதி விலைக்கு ஓட்டல் கிடைக்கும்தான், ஆனால் டாக்சிக்கே அந்த மிச்சம் போய்விடும். தென் மும்பைக்குள் ஆட்டோ வராது. கல்யாணில் இருக்கும் கணவரின் சித்தப்பா மகன் வீட்டில் தங்கலாமா என்று கடிதக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அன்பான வீடாக இருக்கும். ஆனால் அங்கிருந்து துறைமுகத்துக்கு நெரிசல் நேர லோக்கல் ரயிலில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். அவர்களை ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஓட்டல் பக்கம் வரச் சொல்லுங்கள், நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் கொண்டுபோங்கள்.

அந்த முழு நாளில் காலையிலேயே கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் படகு. ஒரு மணி நேரப் பயணம். திங்கட்கிழமை குகைகள் திறக்காது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் பக்கத்திலேயே அருங்காட்சியகம், மாலை மரைன் டிரைவ். ஜூஹுவும் சித்திவிநாயகரும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். கப்பலிலிருந்து இறங்கியதும் விமான நிலையத்துக்கு டாக்சி வேண்டாம். மூன்றாவது மெட்ரோ 2025 அக்டோபரில் முழுமையாகத் திறந்துவிட்டது, டெர்மினஸ் வாசலிலேயே ஏறி விமான நிலையத்தில் இறங்கலாம். அந்தத் தடத்தில் அதிகபட்சக் கட்டணமே ஆளுக்கு 70 ரூபாய்.

கப்பலுக்குள் கையில் காசு கொடுக்கும் வேலை இல்லை. அறைச் சாவி அட்டையில் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். பொது உணவகச் சாப்பாடு கட்டணத்தில் அடக்கம். தனி உணவகம், இணையம், கோவாவில் சுற்றிக்காட்டும் பேருந்து எல்லாம் வேறு. தினமும் ராத்திரி வரவேற்பு மேசையில் அன்றைய கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த நாலு லட்சம். ஏஜென்டுக்கு மாதம் 22,400 கட்ட முடியும் என்று நம்பித்தானே கேட்டீர்கள்? அதையே அக்டோபரிலிருந்து நகைக்கடனில் கட்டுங்கள். சீட்டுக்குப் போன ஐந்தாயிரம் அப்போது மிச்சமாகிவிடும். இருபது மாதத்தில் 11 பவுனும் வீட்டுக்கு வந்துவிடும். ரப்பர் வரவு இல்லாத மாதங்களில் கஷ்டம் என்றால் 15,000 கட்டுங்கள், இரண்டரை வருடம் ஆகும். நகைக்கடனில் எப்போது வேண்டுமானாலும் ஒரு பகுதியைக் கட்டலாம். கட்டும்போது மேலாளரிடம் பேசி, அசலில் வரவு வைக்கச் சொல்லுங்கள். பிப்ரவரி வட்டிக்கு டிசம்பர், ஜனவரி ரப்பர் பணம் கைகொடுக்கும்.

பிப்ரவரியில் புதுப்பிக்கும்போது ஒன்று செய்யுங்கள். ஒரே கடனாக வைக்காமல் மூன்றாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்: இரண்டு வளையல் ஒன்று, மற்ற இரண்டு வளையலும் கம்மலும் ஒன்று, ஆரம் ஒன்று. சிறிய கடன் முடிந்ததும் முதல் ஜோடி வளையலைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். ஒரே ரசீதாக இருந்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு கம்மல்கூட வெளியே வராது. "இன்னும் கொஞ்சம் தரலாம்" என்று அன்றைக்கும் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆறாவது ரசீதின் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள், தொகை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.