பத்து லட்சத்துக்குள் நில்லுங்கள், புதுச்சேரி முகவரி வேண்டாம்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. தினமும் வேலைக்குப் புதுச்சேரி போய் வருகிறேன். சின்ன எஸ்யூவி டீசலில் எடுக்கலாமா, பெட்ரோலா? புதுச்சேரியில் பதிவு செய்தால் வரி மிச்சம் என்கிறார் ஒரு புரோக்கர்.

பதில்: பெட்ரோல். டீசல் வண்டியில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிந்து தீர வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். நீங்களோ தவளக்குப்பம் தாண்டியதும் அரியாங்குப்பம், மரப்பாலம் என்று ஊர்ந்து போகிறவர். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், சர்வீஸ் சென்டரில் பில் நீளும்.

அதைவிடப் பெரிய காரணம் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கு ஆயுள் வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம்; அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை முழு விலைக்கும் 18. அதாவது 9.90 லட்சம் வண்டிக்கும் 10.10 லட்சம் வண்டிக்கும் வரியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். டீசல் என்றாலே பெரும்பாலும் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். சன்ரூஃப் மாடலைக் காட்டும் சேல்ஸ் தம்பி இதைச் சொல்ல மாட்டார். நம்ம ஊர் வெயிலுக்கு சன்ரூஃப் எதற்கு?

இப்போது புரோக்கர். அவர் ஒரு வாடகை ஒப்பந்தம் தயார் செய்வார். நீங்கள் பார்த்தே இராத வீட்டில் குடியிருப்பதாகக் கையெழுத்து கேட்பார். போடாதீர்கள். பொய் முகவரிக்கு மாட்டுவது வண்டி உரிமையாளர்தான், கமிஷன் வாங்கியவர் போனை எடுக்க மாட்டார். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவும், இங்கத்திய வரியும் உண்டு.

புதுச்சேரிப் பக்கம் கிருமாம்பாக்கத்தில் நிஜமாகவே குடியிருந்து வண்டியை அங்கே நிறுத்துகிறவருக்கு இது பொருந்தாது. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தினம் கடலூர் வந்தாலும் அவர் புதுச்சேரிக்காரர்தான். அங்கே சொந்தத் தொழில் நடத்தி, வண்டியும் அங்கேயே நிற்கிறது என்றாலும் சரி. ஆனால் சம்பளத்துக்குப் போய் வருவது சொந்தத் தொழில் ஆகாது. ராத்திரி வண்டி மஞ்சக்குப்பத்தில்தானே நிற்கிறது? எல்லையில் முள்ளோடையைத் தாண்டினால் வேறு வரி என்பது அபத்தம்தான். ஒரே அளவாக்கினால் புரோக்கர் பிழைப்பு போய்விடும். அதற்கு எந்த அரசுக்கும் அவசரமில்லை.

வண்டி தேர்வு சுலபம். நீளம் 4 மீட்டருக்குள், இன்ஜின் 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். மாருதி பிரெஸ்ஸா அதே நீளம்தான், 1462 சிசி என்பதால் 40. இந்த நீளத்தில் பின்சீட்டில் மூன்று பேர் தோள் இடித்துத்தான் உட்கார வேண்டும். ஷோரூமுக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். வண்டி அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ் எண்ணை விடுங்கள். சீட் அவர் இடுப்பு உயரத்தில் இருக்கிறதா, கதவடிக் கட்டையில் கால் தட்டாமல் ஏறுகிறாரா, அதைப் பாருங்கள்.

இன்சூரன்ஸில், தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் கைகொடுக்கும் இன்ஜின் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை ஊருக்குள் வந்தது நினைவிருக்கும். தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டுப் பார்க்காதீர்கள். இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.