ஷன்ட் வைத்த பிறகும் ஸ்கேன் அப்படியேதான் இருக்கிறதா?

அப்பாவுக்கு ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) வைத்து மூன்று மாதம், நடை தேறியிருக்கிறது, ஆனால் எவன்ஸ் இன்டெக்ஸ் 0.38இலிருந்து 0.37க்குத்தான் இறங்கியது என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து ஷன்ட் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. இந்த நோயில், அதாவது அழுத்தம் பெரிதாகக் கூடாமலே மூளையில் நீர் தேங்கும் என்பிஎச்சில் (NPH), நீர் நிறைந்த மூளை அறைகள் பெரிதாகச் சுருங்காமலே நடை சீராவது சகஜம். அறைகளின் முன்கொம்பு (முன்பக்க நீட்சி) அகலத்தை மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுத்து வரும் எண்தான் எவன்ஸ் இன்டெக்ஸ். 0.3ஐத் தாண்டினால் அறைகள் விரிந்திருக்கின்றன என்பார்கள். நோயைக் கண்டுபிடிக்க உதவும், பலனை அளக்க அவ்வளவாக உதவாது. கலோசல் கோணம் (ஸ்கேனில் இரண்டு பக்க அறைகளுக்கும் நடுவே தெரியும் கோணம்) கூடியிருக்கிறதா என்று வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

நான் முதலில் தேடுவது வேறு: ஷன்ட் அளவுக்கு மீறி நீரை வடித்ததால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் நீரோ ரத்தமோ தேங்கியிருப்பதாக ரிப்போர்ட்டில் இருக்கிறதா? எழுந்து நின்றால் தலைவலி என்றாலும் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஷன்ட்டில் இருப்பது வெளியிலிருந்து காந்தத்தால் செட்டிங்கை மாற்றும் வால்வு என்றால், எம்ஆர்ஐ எடுத்த பிறகு அதன் செட்டிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.