புது உளி வெட்டவில்லை என்று கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: மஸ்கட்டில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது ஓர் இரும்பு இழைப்புளியும் ஆறு உளிகளும் பரிசாகக் கொண்டுவந்தான். அயனி மரப் பலகையில் இழைத்தால் ஓரிடத்தில் வழுக்குகிறது, ஓரிடத்தில் நாரைப் பிய்க்கிறது. உளியும் இறங்கவில்லை. கடைக்காரர் ஒருவர், "மட்டமான இரும்பு, என்னிடம் தந்துவிட்டு வேறு செட் எடுங்கள்" என்கிறார். கொடுத்துவிடலாமா? உளியை அடிக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியை நானே செய்யவும் ஆசை. எந்த மரம் நல்லது? (வாசகர், குலசேகரம்)

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் உளியில் ஒரு குறையும் இருக்காது. கடையிலிருந்து வரும் உளிக்குச் சரிவாகத் தேய்த்த வாய் மட்டும்தான் இருக்கும், கூர் இருக்காது. தீட்டி எடுப்பது வாங்கியவர் வேலை. பெட்டிக்குள் இதைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து வைக்கலாம். யாரும் வைப்பதில்லை, வைக்கச் சொல்லிக் கேட்பாரும் இல்லை. அந்த அறியாமைதான் அந்தக் கடைக்காரரின் முதலீடு. உங்களிடம் பழைய இரும்பு விலைக்கு வாங்குவார். ஒரு மணி நேரம் தீட்டி, அடுத்த ஆளுக்கு நல்ல விலைக்கு விற்பார். அவர் தரும் புது செட்டும் இதே போலத்தான் மொட்டையாக இருக்கும்.

இன்னொன்று, இதைவிட மோசம். "சாணை பிடித்துத் தருகிறேன்" என்று மின்சாரச் சக்கரத்தில் வைத்து அழுத்துகிறவர்கள். தீப்பொறி பறக்கும், பார்க்க நன்றாக இருக்கும். நுனி நீலமாக மாறினால் சூடு ஏறக்குறைய 300 டிகிரி வரை போய்விட்டது என்று பொருள். அத்துடன் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விடும், கூர் நிற்காது. நாகர்கோவிலில் ஒரு கடையில் என் அப்பாவின் முக்கால் இஞ்ச் உளியை இப்படித்தான் கருக்கித் தந்தார்கள். நீலம் பூத்த பகுதி முழுவதையும் தேய்த்துத் தள்ள வேண்டியதாயிற்று. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சக்கரத்தில் தாராளமாகப் பிடிக்கக்கூடியது கடைசல் உளி மட்டும். கட்டில் காலும் தொட்டில் காலும் கடைகிறவர்கள் இன்று வைத்திருப்பது பெரும்பாலும் ஹைஸ்பீடு ஸ்டீல். அது 500 டிகிரி சூட்டையும் தாங்கும், நீலமானாலும் கெடாது. அவர்கள் சக்கரத்தில் பிடிப்பதைப் பார்த்துத் தச்சு உளியையும் அப்படியே பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கடைசல் பட்டறைக்காரர் தப்பு செய்யவில்லை, அவர் இரும்பு வேறு. உங்கள் பெட்டியில் வந்தது அந்த ரகம் இல்லை.

சரி, என்ன செய்வது? 10 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு ஒன்றும் 220, 400, 1000 நம்பர் வாட்டர் பேப்பரும் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்குங்கள். கண்ணாடி மேல் பேப்பரை நனைத்து ஒட்டி, உளியின் பின்பக்கத்தைப் படுக்க வைத்துத் தேயுங்கள். முழு நீளமும் வேண்டாம், நுனியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் போதும். மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு தேய்த்தால், மை முழுக்க அழியும்போது பின்பக்கம் சமமாகிவிட்டது என்று தெரியும். அப்புறம் சரிவுப் பக்கம். நுனியிலிருந்து உளியின் மேலேயே 10 சென்டிமீட்டர் அளந்து, அந்த இடம் பேப்பரிலிருந்து 5 சென்டிமீட்டர் உயர்ந்து நின்றால் அது 30 டிகிரி. அயனிக்கும் பலாவுக்கும் அதுதான் சரி. பின்பக்கத்தில் விரலுக்குப் பிசிர் தட்டும்வரை தீட்டுங்கள். பிறகு பின்பக்கத்தைப் படுக்க வைத்து அந்தப் பிசிரை எடுத்துவிடுங்கள்.

இழைப்புளித் தகட்டுக்கும் இதே வேலைதான். ஆனால் நார் பிய்வதற்குக் கூர் மட்டும் காரணமில்லை. அயனியில் நார் மாறி மாறி ஓடும். ஒரு பக்கம் பிய்த்தால் பலகையைத் திருப்பிப் போட்டு இழையுங்கள். தகட்டின் மேல் இருக்கும் மூடித் தகட்டை நுனிக்கு அரை மில்லிமீட்டர் வரை நெருக்கி, சீவல் மெல்லியதாக வரும்படி வையுங்கள்.

கொட்டாப்புளிக்குப் புளிய மரம். வேறு யோசனையே வேண்டாம். உங்கள் ஊரில் ரப்பர் மரம் மலிவு என்று அதில் இறங்காதீர்கள், பக்குவம் செய்யாவிட்டால் சீக்கிரமே பூச்சி துளைக்கும். "நன்றாகக் காய்ந்தது" என்று மரத் தரகர் சொல்வதையும் நம்ப வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் மரம் லேசில் காயாது, ஓர் இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம் என்பதே கணக்கு. பச்சையாக வாங்கினால் இரு முனையிலும் மெழுகு பூசி நிழலில் போடுங்கள். பூசாவிட்டால் முனை வெடிக்கும். பிடி நுழையும் துளையைக் கீழே ஒடுக்கமாகவும் மேலே அகலமாகவும் குடையுங்கள். பிடியை மேலிருந்து நுழைத்தால், ஓங்கும்போது தலை கழன்று பறக்காது, வீசவீச இறுகும்.

மகன் கொண்டுவந்த பெட்டியில் ஸ்பாஞ்ச் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். வேலை முடிந்ததும் இரும்பில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள்.