மாத்தே: கேள்விகளும் பதில்களும்

வேலை நிமித்தம் அர்ஜென்டினாவில் சில வருடங்கள் இருந்தேன். மாத்தே என்ற இலைப் பானம் அங்கே பழகியது, இன்றுவரை விடவில்லை. நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கே: அண்ணா, மெஸ்ஸி கையில் ஒரு குடுவை வைத்து உறிஞ்சுகிறாரே, அது டீயா?

ப: டீ இல்லை. யெர்பா மாத்தே என்ற மரத்தின் இலை. தேயிலைக்கு உறவே கிடையாது, ஆனால் இதிலும் காஃபின் உண்டு. பராகுவே, தென் பிரேசில், அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் பக்கம் விளைகிறது. ஸ்பானியர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அங்கிருந்த குவாரனி பழங்குடி மக்கள் குடித்து வந்தது. அந்தக் குடுவை வேறொன்றும் இல்லை, நம் கொல்லைப் பந்தலில் காய்க்கும் சுரை இனம்தான். முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கை. தென் அமெரிக்கப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியில் குடுக்கைக்கு இருந்த பெயரே பானத்துக்கும் வந்துவிட்டது.

கே: ஆசையாக ஒரு பாக்கெட் வாங்கினேன். கஷாயம் மாதிரி கசக்கிறது, வாயில் வைக்க முடியவில்லை.

ப: கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருப்பீர்கள். 70 முதல் 80 டிகிரி போதும். பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழ் எழும்போதே இறக்கிவிடுங்கள். குடுக்கையில் முக்கால் அளவு இலை போட்டு, வாயை உள்ளங்கையால் மூடிக் கவிழ்த்துக் குலுக்குங்கள். சாய்த்தபடியே நிமிர்த்தினால் இலை ஒரு பக்கம் மேடாக நிற்கும். பள்ளத்தில் முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர், அது ஊறியதும் பொம்பிஷா (அடியில் சல்லடை உள்ள உலோகக் குழல்), அப்புறம் சூடான நீர். மேடு நனையாமல் இருக்கும்வரை சுவை குறையாது. குழலை ஸ்பூன் மாதிரி போட்டுக் கலக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

கே: எல்லோரும் ஒரே குழலிலா குடிப்பார்கள்?

ப: ஆமாம், எனக்கு இதில் பிடித்ததே அதுதான். ஊற்றுகிறவர் ஒருவர்தான், செபதோர் என்பார்கள். முதல் குடுக்கையின் கசப்பு அவர் பங்கு. பிறகு நிரப்பி ஒருவருக்குத் தருவார். அவர் 'சர்ர்' என்று சத்தம் வரும்வரை குடித்துத் திருப்பித் தர, அடுத்தவருக்கு நிரப்புவார். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் 'கிராசியாஸ்' (நன்றி) சொல்லாதீர்கள். 'எனக்குப் போதும்' என்று அர்த்தம், அடுத்த சுற்றில் உங்களை விட்டுவிடுவார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது ஆளுக்கொரு குடுக்கை என்றானது. அந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவர்களோடு உட்கார்ந்து குடித்தவர்களுக்குப் புரியும்.

கே: எடை குறையுமா? புற்றுநோய் வரும் என்கிறார்களே?

ப: எடைக்காகக் குடிக்காதீர்கள். சுறுசுறுப்பு வரும், அது காஃபின் வேலை. புற்றுநோய் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது இது: 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும். மிதமான சூட்டில் குடிக்கும் மாத்தேயை அந்த வகையில் சேர்க்கவில்லை. அதனால் ஆறவிட்டுக் குடியுங்கள். புகை போட்டு உலர்த்தாத இலை கிடைத்தால் இன்னும் நல்லது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது.

கே: நம்ம ஊர் வெயிலுக்கு இது சரிப்படுமா?

ப: வெயிலுக்குத் தெரேரே செய்யுங்கள். பராகுவேக்காரர்களின் பழக்கம், 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அதே இலைதான், ஊற்றுவது மட்டும் ஐஸ் தண்ணீர். தலைநகர் அசுன்சியோன் தெருக்களில் மூலிகை விற்கும் பெண்கள், கேட்கிற பச்சிலையை மர உரலில் நச்சென்று இடித்து அந்தத் தண்ணீரில் போட்டுத் தருவார்கள். உங்களுக்குப் புதினா ஒரு கைப்பிடி போதும்.