கோப்பையே வாங்கித் தராத ஒருவரை ‘ஆசான்’ என்று கூப்பிடுவது ஏன்?

கேள்வி: ஆடி முடித்த கால்பந்து வீரர்கள் பயிற்சியாளர் ஆகும்போது, அவர்களில் சிலரை மட்டும் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே, ஏன்? ஜெயித்துக் கொடுப்பதாலா?

ஜெயிப்பதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. இவான் வுகோமனோவிச் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு மூன்று சீசன் பயிற்சியாளராக இருந்தார். ஒரு கோப்பைகூட வாங்கித் தரவில்லை. 2024 ஏப்ரலில் அவர் கிளம்பிப் போனார் என்ற செய்தி வந்த அன்று, எங்கள் ஊர் டீக்கடையில் வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். இத்தனைக்கும் நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. இரயுமன்துறையில் தொடங்கி நீரோடி வரை வரிசையாக எட்டு மீனவ ஊர்கள். நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அது கேரளம். அந்தப் பக்கத்துப் பையன்கள் மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபியில் கேரளாவுக்கு ஆடுவார்கள், எங்கள் பையன்கள் தமிழ்நாட்டுக்கு ஆடுவார்கள். மாலையில் ஒரே மணலில் பந்து உதைப்பார்கள். இந்தியாவுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் எங்கள் கரையில் பிறந்தவர்தான். கிரிக்கெட் மட்டை இங்கே கொஞ்சம் அபூர்வம்.

இவானை மலையாளிகள் கூப்பிட்டது ‘ஆசான்’ என்று. இந்தச் சொல் எங்களுக்கும் வீட்டுச் சொல். குமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற சண்டைக் கலையைச் சொல்லிக் கொடுப்பவர் ஆசான். சுளுக்கு விழுந்தால் வர்மம் பார்த்துத் தடவிவிடுபவரும் ஆசான்தான். அவரிடம் போகிறவன் முதலில் அடி வாங்கப் பழக வேண்டும், அதற்குப் பிறகுதான் அடிக்கக் கற்பான். அந்த ஆசானும் தன் ஆசானிடம் அடி வாங்கித்தான் ஆசான் ஆகியிருப்பார். உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். எனக்கும் ஒரு ஆசான் இருந்தார், இருக்கிறார். அவரைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும்.

அவர் வாலிபத்தில் மலப்புறம் பக்கம் செவன்ஸ் ஆடப் போனவர். செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம், ராத்திரி விளக்கு வெளிச்சம், கமுகந்தடியும் மூங்கிலும் கட்டின கேலரி, சுற்றிலும் தொண்டை கிழியக் கத்தும் ஆயிரக்கணக்கான ஆட்கள். ஒரு ஆட்டத்தில் வலது முட்டு போய்விட்டது. வைத்தியத்துக்கு வழியில்லாமல் ஊருக்கு வந்து, வர்ம ஆசான் ஒருவர் எண்ணெய் போட்டுக் கட்டினார். நடக்க முடிந்தது, ஓட முடியவில்லை. அதன் பிறகு கடலுக்குப் போனார், கரையில் இருக்கும் நாட்களில் எங்களை ஆட வைத்தார்.

2003 மே மாதம், ஊர்த் திருவிழா டோர்னமென்ட் ஃபைனல். எனக்கு 16 வயது, லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். எங்கள் மைதானம் கடற்கரை மணல்தான். அலை வந்து போன இடத்தில் மணல் இறுகிப் பந்து சீராக உருளும். அதற்கு மேலே காய்ந்த மணலில் பந்து புதைந்து நின்றுவிடும். கடைசி ஐந்து நிமிஷம், கோல் ஏதும் இல்லை. பந்து என் காலில். வெளியே நின்று ஆசான் கத்துகிறார்: “அடிச்சு வெளிய தள்ளுலே!” என் காதில் தெளிவாக விழுந்தது. நான் எங்கள் கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, திருப்பிக் கொடுத்தேன். பந்து பாதி வழியில் காய்ந்த மணலில் சிக்கி நின்றது. எதிரணி ஃபார்வர்டு ஓடி வந்து எடுத்துக்கொண்டான். ஒன்றுக்கு பூஜ்யம், தோற்றோம்.

எங்களுக்கு ஜெர்சி எடுத்துத் தந்த மீன்பிடி போட்டு முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். “இதுக்காலே நான் துணி எடுத்துத் தந்தது?” என்று கையை ஓங்கினார். என் அப்பாவும் அங்கேதான் நின்றார், ஒன்றும் பேசவில்லை. அந்த முதலாளியின் போட்டில்தான் அப்பா தங்கலுக்கு, பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்க, போவார். அப்போது ஆசான் நொண்டிக்கொண்டே வந்து இடையில் நின்றார்.

“அண்ணே, பந்தக் கோலிக்குத் திருப்பிக் குடுக்கச் சொன்னது நானாக்கும். ஏசணும்னா என்னை ஏசுங்க.”

முதலாளி அவரை ஏசினார். ஊர்ச் சனம் மொத்தமும் பார்க்க, பத்து நிமிஷம். முட்டு உடைந்தவனை நம்பி அணியை விட்டது தப்பு என்றுகூடச் சொன்னார். ஆசான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்ன கத்தினார் என்பது எனக்குத் தெரியும், என்னோடு ஆடிய ஆறேழு பேருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு ஜன்னலில் தட்டு. பந்தோடு நின்றார். கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றச் சொல்லி, ஈர மணலிலும் காய்ந்த மணலிலும் மாறி மாறி நடக்கவிட்டார். “கண்ணால பாக்காண்டாம் மக்கா, காலு சொல்லும்.” பிறகு பாஸ். ஈரத்தில் எவ்வளவு பலம், காய்ந்ததில் எவ்வளவு பலம் என்று வெயில் ஏறும்வரை கொடுக்க வைத்தார். முந்தின நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்கு முன்னால் தன் தலையில் போட்டுக்கொண்டதை, தனியே என் காலில் திருத்திவிட்டார். ஒரு பையனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

செவன்ஸில் ஒரு பெனால்டியை அவர் வெளியே அடித்ததையும், அணியை நடத்தியவர் பஸ் காசுகூடக் கொடுக்காமல் ராத்திரியே இறக்கிவிட்டதையும் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். ஆடினவன் பயிற்சியாளர் ஆவதில் இருக்கும் உண்மையான லாபம் இது. தவறு செய்தவனுக்கு அந்த நேரத்தில் வயிற்றில் என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரியும்.

தெரிந்தும் சொல்லித்தர வராத மகா வீரர்கள் உண்டு. தியரி ஆன்ரி மொனாக்கோவுக்குப் பயிற்சியாளராகப் போய் சில மாதங்களில் வெளியேற வேண்டியதாயிற்று. கேரி நெவில் வலென்சியாவில் நான்கு மாதம் தாக்குப் பிடித்தார். மாரடோனா 2010 உலகக் கோப்பைக்கு அர்ஜென்டினாவைக் கூட்டிப் போய், காலிறுதியில் ஜெர்மனியிடம் நான்குக்கு பூஜ்யம் என்று தோற்றார். எங்கள் ஊரில் அன்று பல வீடுகளில் சோறு வேகவில்லை. ஆனால் மாரடோனா மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. அவருடைய கால் செய்ததை அவராலேயே விளக்க முடியாது, பிறகு இன்னொருவனுக்கு எப்படிச் சொல்லித் தருவார்? அதே அர்ஜென்டினாவுக்கு 2022-ல் கோப்பை வாங்கித் தந்த ஸ்கலோனி, 2006 உலகக் கோப்பை அணியில் ஓரமாக இருந்த ஒரு டிபெண்டர். யூர்கன் க்ளாப் ஜெர்மனியில் மைன்ஸ் அணிக்கு 300-க்கும் மேல் ஆட்டம் ஆடியவர், பெரும்பாலும் இரண்டாம் டிவிஷனில். 2001-ல் ஆட்டக்காரராக இருந்தவரை அப்படியே பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால் கைகொடுக்காதவன் ஒவ்வொரு பந்துக்கும் யோசித்து ஆடியிருப்பான். யோசித்ததைத்தான் வாயால் சொல்ல முடியும். ஜிதான் இதற்கு விலக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரும் முதலில் ஆன்செலோட்டி பக்கத்தில் உதவியாளராக உட்கார்ந்து, பிறகு ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியைப் பார்த்துவிட்டுத்தான் பெரிய அணிக்கு வந்தார்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. கேரளா முதன்முதலாக சந்தோஷ் டிராபி ஜெயித்தது 1973-ல், எர்ணாகுளத்தில். ஃபைனலில் ரயில்வேஸை மூன்றுக்கு இரண்டு என்று தோற்கடித்தார்கள், மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தவை. அந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தர்ராஜ், 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்கு ஆடிய தமிழர். அவர் பெயர் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லைக்கு அந்தப் பக்கம் வயதானவர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

கென்னி டால்க்லிஷ் பற்றியும் சொல்ல வேண்டும். 1985-ல் லிவர்பூல் அவரை ஆட்டக்காரர், மேனேஜர் இரண்டுமாக ஆக்கியது. அடுத்த வருஷம் லீக்கை உறுதி செய்த கடைசி ஆட்டத்தின் கோலை அவரே அடித்தார். ஆனால் அந்த ஊர் அவரைக் கொண்டாடுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் 1989 ஏப்ரல் 15. ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் மொத்தம் 97 பேர் உயிர் போயிற்று. டால்க்லிஷ் இறந்தவர்களின் சவ அடக்கங்கள் பலவற்றுக்குப் போனார், ஒரே நாளில் நான்குக்குக்கூட. ஆடும்போது கைதட்டினவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் போய் நிற்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது.

இதைப் படித்தபோது எனக்கு ஒக்கி புயல் ஞாபகம்தான் வந்தது. 2017 நவம்பர் 30. எங்கள் எட்டு ஊர்களிலிருந்தும் ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தக் கிறிஸ்மஸுக்கு யாரும் ஸ்டார் கட்டவில்லை, பந்தைத் தொடவில்லை. ஜனவரியில் ஒரு மாலை ஆசான் தனியாகக் கடற்கரையில் நான்கு கம்பு நட்டு கோல் போஸ்ட் ஆக்கினார். பிறகு அப்பா வராத வீடுகளுக்குப் போய், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். கடலைப் பார்க்கவே பேடித்த ஒரு பையனை, கடலுக்கு முதுகு காட்டும் பக்கத்தில் கோலியாக நிறுத்தினார். ஹாஃப் டைமில் பக்கம் மாற்றவில்லை.

இனி இவானுக்கு வருகிறேன். செர்பியாக்காரர். பிரான்சின் பொர்தோ (Bordeaux), கொலோன், ரெட் ஸ்டார் என்று பெரிய அணிகளில் ஆடியவர். 2021-ல் அவர் பொறுப்பேற்றபோது பிளாஸ்டர்ஸ் முந்தின சீசனில் பதினொரு அணிகளில் பத்தாவதாக வந்திருந்தது. கொரோனாவினால் ஆட்டம் எல்லாம் கோவாவில், கொச்சியில் அணியின் கலூர் ஸ்டேடியம் பூட்டிக் கிடந்தது. டிவியில் பார்த்தே ஜனம் அவர் மேல் பிரியம் வைத்தது. அந்த அணியை 2022 மார்ச்சில் ஃபைனலுக்குக் கொண்டு வந்தார், ஹைதராபாத்திடம் பெனால்டி ஷூட்டவுட்டில் தோற்றது.

அடுத்த வருஷம், 2023 மார்ச் 3, பெங்களூரு. பிளேஆஃப் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை சட்டென்று அடித்துவிட்டார். பிளாஸ்டர்ஸ் பையன்கள் இன்னும் தயாராகவில்லை, ரெஃப்ரி கோல் என்றார். இவான் அணியை மைதானத்தை விட்டு வெளியே அழைத்துப் போனார். அது தப்பு. ஆட நேரம் மிச்சமிருந்தது, ஆடியிருக்க வேண்டும். கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்குப் பத்து ஆட்டம் தடை, பிறகு மன்னிப்பும் கேட்டார். இதெல்லாம் தெரிந்தும் மலையாளிகள் அவர் பக்கம் நின்றார்கள், நானும் நின்றேன். தன் பையன்களுக்கு அநியாயம் நடந்தது என்று நம்பின நேரத்தில், நமக்கு என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்காமல் இடையில் வந்து நின்ற ஒருவரைத்தான் நாங்கள் பார்த்தோம். எனக்கு என் கண்ணில் தெரிந்தது வேட்டி மடித்துக் கட்டிய அந்த முதலாளியும், நொண்டிக்கொண்டு வந்த என் ஆசானும்.

தடை முடிந்து அவர் திரும்பி வந்தது 2023 அக்டோபர் 27, கொச்சியில் ஒடிசாவுக்கு எதிராக. நான் கொச்சியின் தோப்பும்படி ஹார்பரில் போட்டுக் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். ஆசானை வரச் சொன்னேன். குழித்துறையில் ரயில் ஏறி வந்தார், அறுபது தாண்டியவர். வாழ்நாளில் அவ்வளவு பெரிய ஸ்டேடியத்துக்குள் அவர் காலடி வைத்தது அன்றுதான். இவான் வெளியே வந்தபோது ‘ஆசானே’ என்று எழுந்த சத்தத்தில் காது அடைத்தது. என் ஆசான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். “யாரைலே விளிக்குதானுவ?” என்றார். கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த உயரமான மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கோல் ஒடிசாவுக்கு. அதன் பிறகு எங்கள் கோலி சச்சின் சுரேஷ் ஒரு பெனால்டியைத் தடுத்தார். ஆசான் வாய் மூடாமல் டிபென்ஸுக்குத் தமிழில் உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார், பக்கத்தில் இருந்த மலப்புறத்துப் பையன்கள் அவரிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் பாதியில் டயமந்தகோஸ் சமன் செய்தார். 84-வது நிமிஷம் லூனா, கோலியின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி உள்ளே போட்டார். ஸ்டேடியம் முழுக்க எழுந்தது. ஆசானும் எழப் பார்த்தார், வெகுநேரம் மடக்கி உட்கார்ந்ததில் வலது முட்டு பிடித்துக்கொண்டது. நான் கை கொடுத்தேன். என் தோளைப் பிடித்து எழுந்து, அந்தக் காலிலேயே நின்று கைதட்டினார்.